எழுதப்படாத கைவேலை: திருவனந்தபுரத்தின் இரண்டு மேசைகள்

திருவனந்தபுரத்தில் ஒரே வேலை இரண்டு பெயர்களில் நடந்துகொண்டிருக்கிறது. தும்பாவிலும் வட்டியூர்க்காவிலும் இயங்கும் விண்வெளி மையங்களில், ஏவூர்திக்குள் செல்லவிருக்கும் மின்சுற்றுப் பலகையிலிருந்து பழுதான சில்லு ஒன்றைச் சூடேற்றி எடுத்து, அவ்விடத்தில் வேறொன்றை வைத்துக் கையால் பற்றவைத்தால் அதற்கு ‘மறுபணி’ என்று பெயர். ஆ. மாதவன் கதைகளின் வழியே தமிழ் வாசகர் அறிந்த சாலைக் கடைத்தெரு உள்ளிட்ட நகரத்தின் கடைவீதிகளில், கைபேசி பழுதுபார்ப்பவர் அதையே செய்தால் அதற்கு ‘ரிப்பேர்’ என்று பெயர். முன்னதைச் செய்பவர் பயிற்சியும் சான்றிதழும் பெற்றவர். அவர் கை பட்ட இணைப்புகள் பதிவேட்டில் ஏறுகின்றன. பின்னதைச் செய்பவர் ‘மெக்கானிக்’. வேலை முடிந்து பலகை மூடப்பட்டபின் அவர் என்ன செய்தார் என்பதற்கு ஒரு வரிகூட எங்கும் எஞ்சுவதில்லை.

இவ்விரு மேசைகளுக்கும் உள்ள இடைவெளி திறமையால் ஆனது என்பது பொதுவான நம்பிக்கை. அந்த இடைவெளியின் பெரும்பகுதி எழுத்தால் ஆனது. ஒரு கையின் அறிவு எழுதப்படுகிறது, மற்றொரு கையின் அறிவு எழுதப்படுவதில்லை. இதைச் சரிசெய்யும் பொறுப்பில் பெரும்பங்கு எழுத்தையே தொழிலாகக் கொண்ட பல்கலைக்கழகங்களுக்கு உண்டு.

முதலில் வேலை என்ன என்பதைச் சொல்லிவிட வேண்டும். பழைய வானொலிப் பெட்டிகளில் மின்தடையும் மின்தேக்கியும் பலகையின் துளைகளுக்குள் காலை நுழைத்து நிற்கும். மறுபுறத்தில் ஈயம் வைத்து அவற்றை இறுக்குவார்கள். துளையே இல்லாமல் பலகையின் மேற்பரப்பிலேயே உறுப்புகளை ஒட்டும் முறை 1960களில் வடிவம் பெற்றது. சாட்டர்ன் ஏவூர்திகளை வழிநடத்திய கணினிக்காக ஐபிஎம் நிறுவனம் அம்முறையைக் கையாண்டது. 1980களின் பிற்பகுதியில் அது உலகெங்கும் பரவியது. இன்று பலகைமேல் இருக்கும் ஒரு சிறு மின்தேக்கியின் நீளம் 1 மி.மீ., அகலம் 0.5 மி.மீ. என்றால் அது பெரியதாகவே கருதப்படும். 0.4 மி.மீ. நீளமும் 0.2 மி.மீ. அகலமும் உடையவையும் புழக்கத்தில் உள்ளன. இவற்றைப் பலகையில் அடுக்குவது இயந்திரம். ஈயக் குழம்பை உருக்கி இணைப்பது சூளை. ஆயினும் ஆயிரம் உறுப்புகளுள் ஒன்று கெட்டுப்போனால் அந்த ஒன்றை மட்டும் எடுப்பதற்குப் பலகையைத் திரும்பச் சூளைக்கு அனுப்புவதில்லை. அது கைக்கு வந்துசேர்கிறது.

கை செய்வது என்ன? இரண்டு முனை உடைய மின்தேக்கியை எடுக்க வேண்டுமெனில் இரண்டு முனைகளிலும் உள்ள ஈயம் ஒரே கணத்தில் உருகியிருக்க வேண்டும். ஒரு முனை உருகி மறுமுனை இறுகியிருக்கும்போது இடுக்கியால் தூக்கினால், உறுப்போடு சேர்ந்து அதன் கீழுள்ள செப்புத் திட்டும் பிய்ந்து வந்துவிடும். அந்தச் செப்பின் தடிமன் பல பலகைகளில் ஏறத்தாழ 35 மைக்ரான்தான். அதைப் பலகையோடு பிடித்துவைத்திருக்கும் பசை சூட்டில் தளர்ந்துபோகும். வெள்ளீயம் 63 பங்கும் காரீயம் 37 பங்கும் கலந்த பழைய பற்றுக்கலவை 183 டிகிரி செல்சியஸில் உருகும். காரீயம் நீக்கிய புதிய கலவைகள் உருகத் தொடங்குவதற்கே 217 டிகிரி வேண்டும். பலகைக்குள் பரந்திருக்கும் செப்புப் படலம் சூட்டை உறிஞ்சிக்கொள்வதால், கீழிருந்து முன்சூடு கொடுக்காமல் மேலிருந்து மட்டும் சூடேற்றினால் உறுப்பு கருகும், ஈயம் உருகாது. பீங்கான் அடுக்குகளால் ஆன மின்தேக்கிகள் திடீர்ச் சூட்டில் கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் விட்டு, சில வாரங்கள் கழித்துக் குறுக்குச்சுற்றாக மாறும். அருகிலுள்ள நெகிழி இணைப்பிகளை வெப்பம் தாங்கும் நாடாவால் மூடிக் காக்க வேண்டும். மீந்த ஈயத்தைச் செப்புப் பின்னலால் ஒற்றி எடுத்து, திட்டைச் சமன்செய்து, ப்ளக்ஸ் தடவி, புதிய உறுப்பை வைத்து, ஈயம் இறுகும்வரை அசையாமல் விட வேண்டும்.

இவற்றுள் எந்த அளவையும் கருவி முழுமையாகச் சொல்லிவிடுவதில்லை. வெப்பக்காற்றுக் கருவியின் திரையில் தெரியும் எண் காற்றின் வெப்பநிலை. ஈயத்தின் வெப்பநிலை அன்று. ஈயம் உருகிவிட்டதா என்பதை அறிய மெக்கானிக் இடுக்கியின் நுனியால் சில்லின் ஓரத்தை மெல்லத் தொட்டுப் பார்க்கிறார். எல்லாக் கால்களும் உருகியிருந்தால் சில்லு சற்றே நகர்ந்து, உருகிய உலோகத்தின் பரப்பு இழுவிசையால் தானாகவே பழைய இடத்துக்கு வந்து நிற்கும். வரவில்லையெனில் எங்கோ ஒரு கால் இன்னும் இறுகியிருக்கிறது. இது ஒரு சோதனை. இதற்குக் கருதுகோள் உண்டு, விளைவு உண்டு, பொய்ப்பிக்கும் வழியும் உண்டு. ஆய்வகத்தில் நடந்திருந்தால் இதற்கு ஒரு பெயர் கிடைத்திருக்கும்.

இடத்துக்கு ஏற்ற அறிவும் இதில் அடங்கும். சில்லுகளின் நெகிழி உறை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் புகுந்த சில்லைத் திடீரெனச் சூடாக்கினால் உள்ளே நீராவி பெருகி உறை பிளக்கும். சோளம் பொரிவதைப் போன்றது என்பதால் தொழிலில் அதற்கு அப்பெயரே வழங்குகிறது. உறையைப் பிரித்தபின் ஒரு சில்லு எத்தனை மணிநேரம் வெளிக்காற்றில் இருக்கலாம் என்பதைப் பன்னாட்டு விதிமுறை வகுத்துள்ளது. மூன்றாம் நிலைச் சில்லுகளுக்கு அது 168 மணிநேரம். அந்தக் கணக்கு 30 டிகிரி வெப்பநிலை, 60 விழுக்காடு ஈரப்பதம் என்னும் தொழிற்கூடச் சூழலை அடிப்படையாகக் கொண்டது. கடலோர நகரமான திருவனந்தபுரத்தில், குளிரூட்டாத ஒரு கடைக்குள், ஆண்டின் பெரும்பகுதி ஈரப்பதம் அந்த எல்லைக்கு மேலேதான் இருக்கிறது. ஆகவே பலகையை மிதமான சூட்டில் வெகுநேரம் காயவைத்த பிறகே மேற்சூட்டைக் கொடுக்கும் வழக்கம் ஓர் அனுபவசாலியின் மூடநம்பிக்கை அன்று. விதிநூலின் எண்கள் பொருந்தாத இடத்தில், அந்த எண்களுக்குப் பின்னுள்ள காரணத்தை அவர் பின்பற்றுகிறார்.

இக்கைவேலைக்குத் தென்னாட்டில் நெடிய முன்வரலாறு உண்டு. மொழியே அதற்குச் சான்று. தமிழில் ‘பற்று’ என்னும் வினை ஒட்டுதலையும் குறிக்கும், தீ மூளுதலையும் குறிக்கும். ‘பற்றவைத்தல்’ என்ற ஒரே சொல்லில் சூடும் பிணைப்பும் சேர்ந்திருப்பது தொழிலின் இயல்புக்குப் பொருத்தமே. உலோகத்தை இணைக்கும் பொருளுக்குப் ‘பற்றாசு’ என்ற பழஞ்சொல் அகராதிகளில் இருக்கிறது. பொற்கொல்லர் மேசையில் பற்றாசு ‘பொடி’ ஆகும். அதைப் பரவச்செய்யும் ப்ளக்ஸ், வெங்காரம். இன்றைய வெப்பக்காற்றுக் கருவியின் இடத்தில் இருந்தது ஊதுகுழல். பொடிவைத்து ஊதும் இத்தொழிலிலிருந்தே ‘பொடிவைத்துப் பேசுதல்’ என்னும் வழக்கு வந்ததாகக் கூறுவர். மலையாளத்தில் உலோகத்தைப் பற்றவைப்பதற்கு ‘விளக்குக’ என்பது சொல். அதே வடிவம் தமிழில் துலக்குதலையும் பொருள் புலப்படுத்துதலையும் குறிக்கிறது. எல்லையின் ஒருபுறத்தில் இணைப்பதற்கும் மறுபுறத்தில் எடுத்துரைப்பதற்கும் வழங்கும் இச்சொல், இரண்டும் ஒரே மேசையில் நிகழ வேண்டியவை என்பதை எவரும் திட்டமிடாமலே நினைவூட்டுகிறது.

நகரத்தின் அண்மை வரலாறும் இதனோடு பிணைந்தது. 1973இல் திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு கெல்ட்ரான் தொடங்கப்பட்டபோது, ஒரு மாநில அரசு மின்னணுத் தொழிலில் நேரடியாக இறங்கியது இந்தியாவுக்கே புதுமை. கே. பி. பி. நம்பியார் தலைமையில் வளர்ந்த அந்நிறுவனம் தொலைக்காட்சிப் பெட்டி முதல் மின்தேக்கி வரை செய்தது. 2023 ஜூலையில் சந்திரயான்–3ஐ ஏந்திச்சென்ற எல்விஎம்3 ஏவூர்திக்கான மின்னணுத் தொகுதிகள் சிலவும் கெல்ட்ரானிலிருந்து சென்றவை. 1990இல் டெக்னோபார்க் வந்தபின் நகரத்தின் அடையாளம் மென்பொருளுக்கு மாறியது. அதன் பிறகு ‘தொழில்நுட்பம்’ என்ற சொல்லைக் கேட்டதும் நினைவில் எழுவது விசைப்பலகையில் இருக்கும் கை. இடுக்கி பிடித்த கை அன்று. இடுக்கி பிடித்த கை மறைந்துவிடவில்லை. அது பேச்சிலிருந்து மட்டுமே விலகியது.

விண்வெளி மேசையில் அக்கை எப்படி எழுத்துக்குள் வந்தது என்பது கவனிக்கத்தக்கது. மின்னணுத் தொகுதிகளைக் கட்டமைப்பதற்கான பணித்தர விதிகளை இஸ்ரோ தன் ‘பாக்ஸ்–300’ ஆவணத்தில் வகுத்திருக்கிறது. உலகத் தொழில்துறை பெரிதும் பின்பற்றுவது ஐபிசி அமைப்பின் 7711/7721 என்னும் ஆவணம். நல்ல இணைப்பின் வடிவம் எப்படி இருக்க வேண்டும், ஈயம் எவ்வளவு ஏறியிருக்க வேண்டும், எது ஏற்கத்தக்கது, எது தள்ளத்தக்கது என்பனவற்றை இத்தகைய ஆவணங்கள் படங்களோடு சொல்கின்றன. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பச் சூடாக்குவதற்கும் விண்வெளித் தர விதிகளில் வரம்பு உண்டு. கை நடுங்காத ஒருவரின் தனித்திறனாக மட்டும் இருந்திருக்கக்கூடிய ஒன்று, கற்பிக்கத்தக்க, சோதிக்கத்தக்க அறிவாக மாறியது இந்த எழுத்தினால்தான்.

ஐபிசி ஆவணம் செய்யும் ஒரு சொற்பாகுபாடு மொழியியல் மாணவர்களுக்குச் சுவையானது. பழுதான உறுப்பை மாற்றி, பலகையை மூல வரைபடத்தின் தேவைகளுக்கு முழுமையாக இணங்கும் நிலைக்குக் கொண்டுவருவது மறுபணி. மூல வரைபடத்துக்கு இணங்குவதை உறுதிசெய்யாமல், செயல்திறனை மட்டும் மீட்டுத் தருவது செப்பனிடல். புதிய தேவைக்காக வடிவத்தையே மாற்றுவது மாற்றியமைத்தல். இப்பாகுபாட்டின்படி பார்த்தால், கைபேசிக் கடையில் மின்னேற்றம் சார்ந்த சில்லு ஒன்றை அதே வகைச் சில்லால் மாற்றுவது வகையால் மறுபணியே. அறுந்த தடத்துக்குப் பதிலாக நுண்கம்பியால் ‘ஜம்பர்’ போடுவது செப்பனிடல். இரண்டையும் ஒரே ஆள் ஒரே நாளில் செய்கிறார். சமூகம் இரண்டையும் ‘ரிப்பேர்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடைத்துவிடுகிறது. அச்சொல்லை மக்கள் பயன்படுத்துவது தவறன்று. எவ்வளவு நுட்பமான வேலை என்பதைப் பிரித்துச் சொல்லும் சொற்கள் அந்த மேசைக்குக் கிடைக்காமல் இருப்பதே குறை.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. விண்வெளி மேசையின் எழுத்து வெறும் சடங்கு அன்று; அதன் ஒவ்வொரு விதிக்குப் பின்னும் ஒரு தோல்வி இருக்கிறது. தூய வெள்ளீயப் பூச்சிலிருந்து மெல்லிய இழைகள் தாமாக வளர்ந்து அண்டையிலுள்ள முனைகளை இணைத்துவிடும். 1998இல் கேலக்ஸி–4 என்னும் தகவல்தொடர்புச் செயற்கைக்கோள் செயலிழந்ததற்கு இத்தகைய ‘வெள்ளீய மீசை’யே காரணமாகக் கூறப்பட்டது. 2006 ஜூலை முதல் ஐரோப்பியச் சந்தையில் நுகர்பொருள்களுக்குக் காரீயம் விலக்கப்பட்ட பிறகும் விண்வெளித்துறை அதைக் கைவிடாததற்கு இது ஒரு காரணம். கடைவீதி மேசையிலோ காரீயமற்ற பலகையின்மேல் காரீயக் கம்பியை உருக்குவது வழக்கம். உருகுநிலை தாழ்வதால் வேலை எளிதாகும். கலந்துபோன அவ்விணைப்பு எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதற்கு உறுதி இல்லை. சில்லின் அடியில் மறைந்திருக்கும் உருண்டை இணைப்புகளை ஊடுகதிரால் பார்க்கும் வசதி அங்கு இல்லை. நிலைமின்னைத் தடுக்கும் மணிக்கட்டுப் பட்டையும் ப்ளக்ஸ் புகையை இழுக்கும் விசிறியும் பல கடைகளில் இல்லை. உறுப்பு புதியதா, வேறொரு பலகையிலிருந்து பிடுங்கியதா என்பதற்குச் சான்று இல்லை. இரண்டு மேசைகளும் சமம் என்று கூறுவது உண்மைக்கும், வாடிக்கையாளருக்கும், தினமும் அப்புகையை மூச்சில் இழுக்கும் மெக்கானிக்குக்கும் இழைக்கும் அநீதியாகவே முடியும்.

ஆனால் மேலே சொன்ன குறைகளைத் திரும்பப் படித்தால் ஒன்று தெளிவாகும். அவற்றுள் எதுவும் கையின் குறை அன்று. கருவி, காற்று, பொருளின் மூலச்சான்று, ஆவணம் ஆகியவற்றின் குறைகளே அவை. இவற்றுள் ஆவணக் குறை வேண்டுமென்றே உண்டாக்கப்பட்டது. கைபேசி நிறுவனங்கள் தம் பலகைகளின் சுற்று வரைபடங்களைப் பொதுவாக வெளியிடுவதில்லை. அதிகாரமுறைச் சேவை மையங்களில் பலகைக்குள் நுழைந்து பழுது தேடுவதைவிடப் பலகையையே மாற்றுவது வழக்கமாகிவிட்டது. மெக்கானிக்கின் கைக்கு வருவது எங்கிருந்தோ கசிந்து, கைமாறிக் கைமாறி வந்த வரைபடம். சில நேரங்களில் அதுவும் இல்லை. நல்ல பலகை ஒன்றை அருகில் வைத்து மல்டிமீட்டரால் புள்ளிக்குப் புள்ளி ஒப்பிட்டுத்தான் அவர் வழி காண்கிறார். வரைபடம் இல்லாதபோது ‘மூல வரைபடத்துக்கு இணங்கும் நிலை’ என்பதை நிரூபிக்கவே இயலாது. ஆகவே அவர் மறுபணி செய்தாலும் அதை மறுபணி என்று கோர முடியாது. ஆவணத்தை மறைத்துவைத்துவிட்டு, ஆவணப்படி செய்யவில்லை என்று குறை கூறுவது எந்த வகை நியாயம்?

பழுதுபார்க்கும் உரிமை பற்றிய கொள்கைப் பேச்சு இந்தியாவில் தொடங்கிவிட்டது. நுகர்வோர் நலத்துறை 2022 ஜூலையில் இதற்கென ஒரு குழுவை அமைத்தது. அவ்வாண்டு டிசம்பரில் இணையவாயில் ஒன்றையும் திறந்தது. பொருள்களுக்குப் ‘பழுதுநீக்கத்தகுதிக் குறியீடு’ வழங்குவது பற்றி 2024இல் அமைக்கப்பட்ட குழு 2025 மே மாதத்தில் அறிக்கை அளித்தது. பிரான்சு இத்தகைய குறியீட்டை 2021 ஜனவரியிலேயே நடைமுறைப்படுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் பழுதுபார்ப்பு உரிமைக்கான நெறியாணையை 2024இல் இயற்றியது. இவை வரவேற்கத்தக்கவை. ஆயினும் இந்த உரையாடல் பெரும்பாலும் மின்கலம், திரை, கேமரா, மின்னேற்று வாய் எனக் கழற்றி மாட்டும் பாகங்களைச் சுற்றியே நிற்கிறது. பலகைக்குள் இருக்கும் ஒற்றைச் சில்லை மாற்றும் கையின் தேவை அதில் போதிய இடம் பெறவில்லை. பாகம் கிடைக்கும் உரிமையோடு, படித்தறியும் உரிமையும் சேர வேண்டும். விற்பனை நிறுத்தப்பட்ட மாதிரிகளுக்கேனும் பலகையின் சுற்று வரைபடத்தை வெளியிடுவது கட்டாயமாக்கப்பட வேண்டும்.

இது கைபேசிக் கடைகளின் பிரச்சினை மட்டும் என்று கல்வியுலகம் ஒதுங்கிவிட முடியாது. அளவீட்டுக் கருவி ஒன்றின் மின்வழங்கியில் ஒரு சிறு சில்லு கெட்டுப்போனால் ஆய்வகத்தில் நடப்பது பலரும் அறிந்ததே. நிறுவனப் பிரதிநிதி வருகிறார், பலகை முழுவதையும் மாற்ற வேண்டும் என்கிறார், விலைப்புள்ளி வருகிறது, நிதிக்கு ஒப்புதல் தேட வேண்டும், ஆய்வு மாணவரின் காலம் கரைகிறது. அந்தச் சில்லைக் கையால் மாற்றத் தெரிந்தவர் வளாகத்துக்கு வெளியே, பேருந்துத் தடத்தில் ஓரிரு நிறுத்தங்கள் தள்ளி இருக்கக்கூடும். அவரை உள்ளே அழைக்க எந்தப் படிவமும் இல்லை. 2022ஆம் ஆண்டில் உலகம் உண்டாக்கிய மின்னணுக் கழிவு 6.2 கோடி டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 விழுக்காடு. இந்த எண்களை மேற்கோள் காட்டும் ஆய்வேடுகள் எழுதப்படும் கட்டடங்களின் பின்புறத்திலேயே ஒரு மின்தேக்கிக்காகக் கைவிடப்பட்ட கருவிகள் குவிந்துகிடப்பது முரண்.

எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு இரண்டு முன்மாதிரிகள் உண்டு. ஜூலியன் ஓர் என்னும் மானிடவியலர் 1996இல் வெளியிட்ட நூலில், ஜெராக்ஸ் நிறுவனத்தின் நகலெடுக்கும் இயந்திரங்களைப் பழுதுபார்த்தவர்களின் பேச்சை ஆராய்ந்தார். கையேட்டில் இல்லாத பழுதுகளை அவர்கள் தீர்த்தது ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட கதைகளின் வழியே என்பதை அவர் எடுத்துக்காட்டினார். இந்தியாவில் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி தொடங்கிவைத்த தெலுங்குத் தொழில்வழக்குச் சொற்களஞ்சியத்தின் முதல் தொகுதி, உழவுத் தொழில் குறித்தது, 1962இல் வெளிவந்தது. பின்னர் கைத்தறிக்கும் ஒரு தொகுதி வந்தது. உழவரும் நெசவாளரும் பேசும் சொற்கள் அறிவுத்துறைக்கு உரியவை என்பதை அவ்வகராதிகள் நிலைநாட்டின. மின்னணுப் பழுதுபார்ப்புக்கு அத்தகைய தொகுதி வேண்டும்.

அத்தொகுதியில் இடம்பெற வேண்டிய சொற்கள் ஏற்கனவே புழக்கத்தில் இருக்கின்றன. ‘டிரை சால்டர்’ என்பது ஒரு சொல். விதிநூல்கள் தனித்தனியாகப் பெயரிடும் சில குறைகளை, அதாவது சூடு போதாமல் இறுகியது, இறுகும்போது அசைந்தது, காலப்போக்கில் விரிசல் கண்டது ஆகியவற்றை, மெக்கானிக் இந்த ஒரு சொல்லில் அடக்குகிறார்; ஏனெனில் மூன்றுக்கும் அவர் முதலில் செய்ய வேண்டியது ஒன்றே. ‘வாட்டர் லாக்’ என்பது நீர் புகுந்த கைபேசி. ‘டெட்’ என்பது உயிர்க்குறி எதுவும் காட்டாதது. ‘ஷார்ட்’ இருக்கும் இடத்தைத் தேடுவதற்கும், எடுத்த சில்லுக்குப் புது உருண்டைகள் பதித்து ‘ரீபால்’ செய்வதற்கும் வினைகள் உண்டு. இவற்றைச் சிதைந்த ஆங்கிலம் என்று ஒதுக்குவது மொழியியல் அன்று. பழுதுகளை எப்படிப் பிரிப்பது, எந்த வரிசையில் சோதிப்பது என்னும் ஒரு வகைப்பாட்டு ஒழுங்கு இச்சொற்களுக்குள் இருக்கிறது. இதற்கு மாற்றாக அலுவலகத்தில் அமர்ந்து ஆக்கிய கலைச்சொற்களை அச்சிட்டு மேசைக்கு அனுப்பினால், சொல் மேசையிலேயே கிடக்கும். வேலை பழைய சொல்லிலேயே நடக்கும். முதலில் வழக்கைப் பதிவுசெய்ய வேண்டும்; ஆக்கம் அதன் பிறகே.

இதற்குத் திருவனந்தபுரத்தைவிடப் பொருத்தமான இடம் அரிது. 1956 நவம்பரில் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த பிறகும் தமிழும் மலையாளமும் இந்நகரத்தின் கடைவீதிகளில் கலந்தே ஒலிக்கின்றன. வ. அய். சுப்பிரமணியம் உருவாக்கிய பன்னாட்டுத் திராவிட மொழியியல் பள்ளி இயங்கும் மேனம்குளம், ஏவூர்திகள் எழும் தும்பாவின் அண்டைப் பகுதி. டெக்னோபார்க்கை ஒட்டிய காரியவட்டம் வளாகத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் மொழியியல் துறையும் தமிழ்த் துறையும் ஒளிமின்னணுவியல் துறையும் இருக்கின்றன. சொல்லைப் பதியத் தெரிந்தவர், சுற்றை அறிந்தவர், கையால் செய்பவர் ஆகிய மூவரும் ஒரு மணிநேரப் பயணத்துக்குள் கிடைக்கும் நகரம் இது.

செய்ய வேண்டியவை பெரிய முதலீடு கோருபவை அல்ல. பொறியியல் கல்லூரிகளும் பல்கலைக்கழகத் துறைகளும் நுண்ணோக்கி, வெப்பக்காற்றுக் கருவி, முன்சூட்டுத் தட்டு, புகையிழுப்பான் ஆகியவற்றோடு ஒரு திறந்த மேசையை அமைக்கலாம்; வளாகத்தின் பழுதான கருவிகளே பாடப்பொருள். அதில் கற்பிக்க மெக்கானிக்குகளை ஊதியத்தோடு அழைக்கலாம். பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் ‘நடைமுறைப் பேராசிரியர்’ நியமனத்துக்கு வெளியிட்ட நெறிமுறைகள் முறையான கல்வித் தகுதியைக் கட்டாயமாக்கவில்லை. குறைந்தது 15 ஆண்டு அனுபவம் போதும் என்றன. ஆனால் அவ்வனுபவம் உயர்நிலைப் பதவியில் இருந்தால் நல்லது என்ற ஒரு தொடர், இடுக்கி பிடித்த கையை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. அத்தொடரைத் திருத்த வேண்டும். முன்கற்றலை அங்கீகரிக்கும் அரசுத் திட்டத்தின் கீழ் தேர்வு நடத்தும்போது, விடைத்தாளைவிட நுண்ணோக்கியின்கீழ் வைத்த இணைப்புக்கே அதிக மதிப்பெண் இருக்க வேண்டும். தொழிற்பயிற்சி நிலையங்களின் மின்னணு மெக்கானிக் பாடத்தில் மேற்பரப்பு உறுப்புகளை எடுத்து மீளப் பற்றவைக்கும் பயிற்சி ஏற்கனவே இருக்கிறது. அதைப் படித்தவரும் படிக்காமல் கற்றவரும் ஒரே அளவுகோலில் சோதிக்கப்பட்டால், சான்றிதழ் என்பது கையின் தரத்தைச் சொல்லும் தாளாகும்.

இத்தொழிலே இன்னும் எத்தனை நாள் என்று ஐயுறுவோரும் உண்டு. சில்லுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. அவற்றின் அடியில் பிசின் ஊற்றி இறுக்கப்படுகிறது. மாற்றிய பாகத்தை ஏற்க மென்பொருள் மறுக்கிறது. கைபேசியைப் பொறுத்தவரை கையின் எல்லை சுருங்கிவருவது உண்மை. ஆனால் மருத்துவமனைக் கண்காணிப்புக் கருவி, மின்மாற்றி, மின்வாகனக் கட்டுப்பாட்டுப் பெட்டி, ஆய்வக அளவி, வகுப்பறை ஒளிவீழ்த்தி என எண்ணற்ற பொருள்களின் பலகைகள் கை எட்டும் அளவிலேயே இன்னும் இருக்கின்றன. கைபேசியில் பழகிய கை அவற்றுக்குப் பெரிதும் பயன்படும். தொழில் சுருங்குகிறது என்பது அதை எழுதாமல் விடுவதற்குக் காரணம் ஆகாது. விரைந்து எழுதுவதற்கே காரணம் ஆகும். பொற்கொல்லரின் பொடியும் வெங்காரமும் அகராதியில் நிலைத்திருப்பது, அவற்றைக் கேட்டு எழுதிவைத்தவர் ஒருவர் இருந்ததால்தான்.

வேலையின் முதற்படி எளியது. ஒரு மொழியியல் மாணவரும் ஒரு மின்னணுவியல் மாணவரும் ஒலிப்பதிவுக் கருவியோடு ஒரு மெக்கானிக்கின் மேசையருகே ஒரு மாதம் அமர வேண்டும். அவர் நேரத்துக்கு ஊதியம் தர வேண்டும். பதிவானதை அவரிடமே வாசித்துக்காட்டித் திருத்தம் பெற வேண்டும். வெளியிடும்போது, அவர் விரும்பினால், ஆசிரியர் வரிசையில் அவர் பெயரும் இருக்க வேண்டும்.